மெய்க்கீர்த்தி போதும், ஆற்றுப்படை வேண்டும்

இராமேஸ்வரத்தைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் பக்கங்களை ஒருவர் பொறுமையாகப் படித்துப் பார்க்கட்டும். மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள் என்று அவை சொல்லும். கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் என்று சொல்லும். சீதை மணலால் இலிங்கம் பிடித்த கதையைச் சொல்லும். பாம்பன் பாலத்தை நான்கு கோணங்களில் படம்பிடித்துக் காட்டும். ஆனால் அக்கினி தீர்த்தத்தில் நீராடி ஈரத்துணியோடு கரையேறும் ஒரு பயணிக்கு உடைமாற்ற இடம் எங்கே, பெட்டியைப் பத்திரமாக வைக்க யாரை நம்பலாம், கூட வந்திருக்கும் முதிய தாயாருக்குக் காரமில்லாத சோறு எந்தத் தெருவில் கிடைக்கும், சர்க்கரை கலக்காத கருப்பட்டி எந்தக் கடையில் விற்கிறது, அறுந்த செருப்பை எங்கே தைக்கலாம் என்பவற்றுள் ஒன்றையேனும் நம்பத்தக்க முறையில் சொல்லும் பக்கம் ஒன்றை, நான் பார்த்த வரையில், கண்டதில்லை.

இந்தக் குறையைச் சுட்டினால், "ஊருக்கு ஒரு நல்ல இணையதளம் செய்துவிட்டால் போயிற்று" என்று உடனே விடை வருகிறது. செய்யலாம். ஆனால் எத்தகைய தளம், யார் கையில், எந்த மொழியில் என்று கேட்காமல் செய்யப்படும் தளம் இன்னுமொரு புகழ்மாலையாகத்தான் முடியும். இராமேஸ்வரத்துக் கடைத்தெருவுக்குப் பொதுவானதொரு தளம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை வடிவமைப்பது கணினி வேலையாவதற்கு முன் மொழி வேலை என்பதும், அந்த வேலையைத் தமிழ் படித்த நாம் தட்டிக்கழித்து வருகிறோம் என்பதுமே என் வழக்கு.

நம் இலக்கிய மரபிலிருந்தே இதை விளக்க முடியும். முதலாம் இராசராசன் காலம் தொட்டுச் சோழர் கல்வெட்டுகளின் முகப்பில் மெய்க்கீர்த்தி இடம்பெறத் தொடங்கியது. மன்னன் வென்ற நாடுகள், அவன் பெருமைகள், அவன் தேவியர் என்று அது நீண்டு செல்லும். அது முடிந்த பிறகுதான் கல்வெட்டின் செய்தி தொடங்கும்: எந்த நிலம், அதன் எல்லை எது, எவ்வளவு நெல், யார் பொறுப்பு. கல்வெட்டைப் படிக்கும் வரலாற்றாசிரியருக்கு ஊரின் வாழ்க்கை தெரிய வருவது இந்தப் பின்பகுதியால். நம் ஊர்களைப் பற்றிய தளங்கள் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகின்றன. நில எல்லையும் நெல்லின் அளவும் அவற்றில் வருவதேயில்லை.

ஆற்றுப்படையின் இயல்பு வேறு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், வறுமையோடு எதிரே வருகிறவனுக்கு வழி சொல்கிறான். அங்கும் வள்ளலின் புகழ் உண்டு, யார் மறுத்தார்? ஆனால் அந்தப் புகழ், வழியின் மேல் ஏறித்தான் பயணம் செய்கிறது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும் என்றும், ஆமூர் உழவர் வீட்டில் வெண்சோற்றோடு நண்டு கிடைக்கும் என்றும் ஊர் ஊராகச் சொல்லப்படுகிறது. மலைபடுகடாம் வழியிலுள்ள குழிகளையும் வழுக்குப் பாறைகளையும் பாம்புகளையும்கூட மறைக்காமல் எச்சரிக்கிறது. கேட்பவனின் பசியை மனத்தில் வைத்து, சென்று வந்தவன் சொல்லும் பேச்சு அது. ஒரு சிறுநகரத்தின் வணிகத்துக்கு உதவும் தளம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் அறியேன்.

இதில் என்ன பெரிய நெருக்கடி என்று கேட்பவர்கள் தீவின் வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1914-இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை இரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் சென்ற காலத்தில் தனுஷ்கோடியில் இரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சல் நிலையம், கடைகள் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் அவ்வூரை அழித்தது. புயல்கள் பல ஊர்களை அழித்திருக்கின்றன. அவற்றுள் பல மீண்டும் எழுந்தன. தனுஷ்கோடிக்கு இரயில் பாதை திரும்பவில்லை, ஆகவே கடைத்தெருவும் திரும்பவில்லை. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனது. 1988-இல் சாலைப் பாலம் வந்தது. 2017-இல் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடமும் அரிச்சல்முனை வரையிலான சாலையும் திறக்கப்பட்டன. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் இரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய தூக்குப் பாலம் திறக்கப்படும் வரை ஏறத்தாழ 27 மாதங்கள் தீவுக்குள் இரயிலே வரவில்லை.

வழி மாறும்போதெல்லாம் இந்தத் தீவின் வணிகம் இடம் மாறுகிறது. இன்று ஒரு குடும்பம் காலையில் வண்டியில் வந்திறங்கி, நீராடி, தரிசனம் முடித்து, அரிச்சல்முனையில் படம் எடுத்துக்கொண்டு, கலாம் நினைவிடத்தையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் பாலத்தைத் தாண்டிவிட முடியும். தங்கினாலும் அறையை முன்கூட்டியே ஏதோ ஒரு பதிவுத் தளத்தில் எடுத்திருப்பார்கள். வாடகையில் ஒரு பங்கு அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். பொருள் வாங்கினாலும் ஓட்டுநருக்குத் தரகு தரும் கடையில் வாங்குவார்கள். நான்கு ரத வீதிகளிலும் சன்னதித் தெருவிலும் சங்கு, பனையோலைப் பெட்டி, கருப்பட்டி, கருவாடு, பூசைப் பொருள் விற்கும் சிறு கடைக்காரருக்குக் கூட்டம் கண்ணில் படுகிறது, கல்லாவில் படுவதில்லை.

இரயில் நின்றிருந்த அந்த 27 மாதங்களையே எடுத்துக்கொள்வோம். வடக்கேயிருந்து கிளம்பும் ஒரு யாத்திரிகருக்குத் தேவைப்பட்டது சிறிய செய்திதான்: இரயில் மண்டபத்தோடு நிற்கிறதா, இராமநாதபுரத்தோடு நிற்கிறதா, அங்கிருந்து பேருந்து உண்டா, கட்டணம் எவ்வளவு, இரவில் வந்தால் என்ன செய்வது. ஊரின் வணிகர்கள் தம் பெயரில் ஒரு பக்கம் வைத்திருந்து, இந்த ஐந்து வரியை நான்கு மொழிகளில் நாள்தோறும் சரிபார்த்து வெளியிட்டிருந்தால், பயணத்தைக் கைவிட்டவர்களில் சிலராவது வந்திருப்பார்கள். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. பொறுப்பேற்கும் ஒரு குழு போதும்.

இனி எதிர்வாதங்கள்.

"கூகுள் வரைபடம் இருக்கையில் தனித்தளம் எதற்கு?" என்பது முதலாவது. அந்த வரைபடத்தில் கடையின் நேரத்தை மாற்றவும், கடை மூடப்பட்டுவிட்டது என்று தெரிவிக்கவும் வழிப்போக்கர் எவரும் பரிந்துரைக்கலாம். தன் கடைக்கு அங்கே ஒரு பக்கம் இருப்பதையே அறியாத கடைக்காரர், அதில் பிழை இருப்பதை எப்படி அறிவார்? யார் முதலில் தெரிய வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்வதில்லை. எங்கோ இருக்கும் ஒரு கணக்கும் விளம்பரப் பணமும் முடிவு செய்கின்றன. 2021 இறுதியில் இந்திய அரசின் முன்முயற்சியால் தொடங்கப்பட்ட ஓ.என்.டி.சி. என்ற திறந்த வணிக வலையமைப்பு இந்த ஆதிக்கத்தைத் தளர்த்தும் நோக்கம் கொண்டதுதான். ஆனால் அதன் வலிமை பொருளை வீட்டுக்கு அனுப்புவதில் இருக்கிறது. இராமேஸ்வரத்துக் கடைத்தெரு விற்பதில் பெரும்பகுதி அனுப்ப முடியாதது. ஒரு வேளைச் சாப்பாட்டையும் ஓர் இரவின் உறக்கத்தையும் எந்தத் தூதஞ்சலில் அனுப்புவது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. திருப்பதிக் கோயிலின் பெயரால் போலித் தளங்கள் நடத்திப் பக்தர்களை ஏமாற்றுபவர்களைப் பற்றித் தேவஸ்தானம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. தனக்கென்று நம்பகமான குரல் இல்லாத சிற்றூரின் பெயரைப் பிறர் எடுத்துக்கொள்வது இன்னும் எளிது.

"அரசு பார்த்துக்கொள்ளும்" என்பது இரண்டாவது. அப்துல் கலாம் பிறந்த பள்ளிவாசல் தெரு கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. நகர வசதிகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் 'புரா' என்ற தம் திட்டக் கருத்தில் அவர் சாலை இணைப்பு, மின்னணு இணைப்பு, அறிவு இணைப்பு என்று மூன்றைச் சொல்லி, அம்மூன்றும் சேர்ந்தால் பொருளாதார இணைப்பு உண்டாகும் என்றார். அவருடைய தீவுக்குப் பாலங்கள் வந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் வந்தன. நடுவே இருக்க வேண்டிய அறிவு இணைப்பைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நினைவிடம் கட்டுவது எளிது. நினைத்ததைச் செய்வதற்குத்தான் ஆள் இல்லை.

அரசும் பெரிய கல்வி நிறுவனங்களும் முனைந்தும் நிலைக்காத முயற்சிக்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரத்தில் 2001-இல் சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 'சாரி' என்ற திட்டத்தின்கீழ்க் கிராமங்களில் இணைய மையங்களைத் திறந்தன. சான்றிதழ் விண்ணப்பம் முதலிய அரசுச் சேவைகள் கிடைத்தவரை மக்கள் வந்தார்கள். ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறிச் சென்றபோது அச்சேவைகள் தடைப்பட்டன; சில ஆண்டுகளுக்குள் மையங்கள் பல மூடப்பட்டன. கருவியில் குறையில்லை. அதிகாரி ஒருவரின் ஆர்வத்தில் கட்டப்பட்ட வீடு, அவருடைய மாறுதல் உத்தரவோடு சரிந்தது.

நிலைத்தவற்றையும் பார்க்க வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. கடலோர ஊரான வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்கு வேண்டியது அன்றைய அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அதை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினியின் முன் உட்காராதவருக்கும் இணையம் பயன்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று அருகிலுள்ள நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன ஆழிப்பேரலைச் செய்தி அத்தகைய ஒலிபெருக்கியில்தான் அறிவிக்கப்பட்டு ஊரே உயிர்தப்பியது. நாள்தோறும் சிறு செய்தியை நம்பகமாகச் சொல்லிப் பழகிய கருவி என்பதால்தான், பெருஞ்செய்தி வந்த நாளில் மக்கள் அதை நம்பினார்கள்.

நம் தீவிலேயே பாம்பனில் 2016 ஆகஸ்டு 15 முதல் 90.4 அலைவரிசையில் 'கடல் ஓசை' சமுதாய வானொலி ஒலிபரப்பாகிறது. மீனவர்களுக்காக, மீனவர் பேச்சு வழக்கில், கடலின் நிலையையும் கடலின் பாட்டையும் சொல்லும் வானொலி அது. கடலில் இருப்பவருக்குப் பாம்பன் செய்ததை, கரையில் கடை வைத்திருப்பவருக்கு இராமேஸ்வரம் ஏன் செய்யக்கூடாது? வெளிநாட்டிலும் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிளாக்ஸ்பர்க் என்ற சிறுநகரம் 1993-இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஊருக்கான இணைய வலையமைப்பைத் தொடங்கியது. உள்ளூர்க் கடைகள் தம் பக்கங்களைத் தொடங்க நகராட்சியே சிறுதொகைகளை மானியமாகக் கொடுத்தது. ஊர், கல்விக்கூடம், கடை மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

சரி, இராமேஸ்வரத்துக்கான தளம் எப்படி இருக்க வேண்டும்? என் கருத்தில் ஐந்து விதிகள் தேவை.

ஒன்று, அது கடைக்காரர்களின் உடைமையாக இருக்க வேண்டும். எல்லாக் கடைக்கும் ஒரே சந்தா, ஒரே அளவு இடம். பணம் கட்டி மேலே ஏறும் வழி இருக்கவே கூடாது. நகராட்சி இடம் தரலாம், ஆதரவு தரலாம். சாவி அதன் கையில் இருக்கக்கூடாது.

இரண்டு, கடைகளின் வரிசை நடக்கும் வரிசையாக இருக்க வேண்டும். இரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டு ரத வீதிகளைச் சுற்றிக் கடற்கரையில் முடியும் பாதையில், கால் போகிற போக்கிலேயே பக்கமும் போக வேண்டும். புகழின் வரிசையில் அடுக்கினால் முதல் பத்துக் கடைகளே பிழைக்கும். தெரு வரிசையில் அடுக்கினால் முனையில் இருக்கும் பூக்கடையும் கண்ணில் படும்.

மூன்று, அன்றைய செய்தி இருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அப்போது நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலை கூடும் என்று முன்பே சொல்லிவிட்டால் உணவகத்தில் சண்டை எழாது. கோயில் நடை சாத்தும் நேரம், திருவிழாக் கூட்டம், புயல் எச்சரிக்கை எல்லாம் நாள்தோறும் ஒருவர் கையொப்பத்தோடு வர வேண்டும். அதையே அச்சிட்டுப் பேருந்து நிலையச் சுவரிலும் ஒட்ட வேண்டும். ஒலிபெருக்கி நமக்குக் கற்பித்த பாடம் இது.

நான்கு, உண்மை சொல்ல வேண்டும். பவளங்களும் சில சங்கு, சிப்பி இனங்களும் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. எதை வாங்கலாம், எதை வாங்கினால் குற்றம் என்று பயணிக்கு முதலில் சொல்ல வேண்டியவர் சங்குக் கடைக்காரரே. சொன்னால் வியாபாரம் கெடும் என்று அஞ்சுவது வீண். மலைபடுகடாத்தின் கூத்தன் குழியைக் காட்டுவதால்தான் அவன் காட்டும் சோற்றையும் நாம் நம்புகிறோம். குறைத்துக் கொடுக்காமலும் கூட்டி வாங்காமலும் வாணிகம் செய்தவர்கள் என்று காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்வதும், அந்த நம்பிக்கை கடலோர நகரத்தின் முதல் என்று அறிந்ததால்தான்.

ஐந்து, மொழி. தமிழில் எழுதி, அதிலிருந்து இந்திக்கும் தெலுங்குக்கும் வங்காளிக்கும் கொண்டுசெல்ல வேண்டும். இத்தெருக்களின் கடைக்காரர்கள் பள்ளியில் படிக்காத மொழிகளைக் கல்லாவில் நின்றே கற்றவர்கள். எந்த ஊர்க்காரர் எதைக் கேட்பார், எதற்குத் தயங்குவார் என்பது அவர்களுக்குத் தெரியும். இயந்திர மொழிபெயர்ப்பு இன்று எளிதாகக் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தியபின் அவர்களில் ஒருவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதம் நம்மிடமிருந்து வருகிறது. இலக்கிய இதழ் படிப்பவர்களுக்குக் கடைத்தெருவைப் பற்றி என்ன பேச்சு என்பதுதான் அது. வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் நம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் எதிர்வாதம். மதுரைக்காஞ்சியின் நாளங்காடியையும் அல்லங்காடியையும், கடைகளின்மேல் பறந்த கொடிகளையும் வகுப்பில் மணிக்கணக்காக விளக்குவோம். பாடம் முடிந்து வெளியே வந்தால் நம் ஊர் அங்காடியில் எத்தனை வகைக் கருவாடு விற்கிறது என்று நமக்குத் தெரியாது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கடை நமக்கு இலக்கியம், இன்றைய கடை இரைச்சல்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழுக்கென ஒரு பொது விசைப்பலகை கிடைத்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் இணையத்தில் தமிழ் எழுதக் கற்ற நாம் கவிதை எழுதினோம், விமரிசனம் எழுதினோம், ஒருவரை ஒருவர் திட்டியும் எழுதினோம். நல்லதுதான். ஆனால் தெருவில் கடை வைத்திருப்பவர் தம் பெயர்ப்பலகையைத் தமிழில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றால் யாரிடம் போவார் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. தமிழ் வாழ வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள், அத்தமிழ் விலை சொல்லவும் வழி சொல்லவும் பயன்படாத மொழியாக ஒதுங்குவதைக் கண்டும் காணாமல் இருக்கிறோம். அப்படி ஒதுங்கும் மொழியைக் கவிதை மட்டும் காப்பாற்றாது.

இதில் தமிழ்த்துறைகளுக்குத் தெளிவான வேலை இருக்கிறது. முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளில் ஆண்டுக்குச் சிலவற்றையேனும் இத்தெருக்களுக்கு ஒதுக்கலாம். கருப்பட்டிக்கும் சில்லுக் கருப்பட்டிக்கும் பனங்கற்கண்டுக்கும் என்ன வேறுபாடு, நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும் திருக்கைக் கருவாடும் எப்படிப் பதப்படுகின்றன, பனையோலைப் பெட்டியின் ஒவ்வொரு முடைச்சலுக்கும் என்ன பெயர் என்று கடைக்காரரிடமும் முடைபவரிடமும் கேட்டு எழுதட்டும். 2023-இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைச் சட்டம் காக்கும். அப்பெயருக்குப் பின்னால் இருக்கும் மண்ணையும் சமையலையும் வாங்குகிறவருக்குச் சொல்ல எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். பழம்பாடல்களின் உவமைகளை எண்ணி அட்டவணை போடும் நூற்றோராவது ஆய்வேட்டைவிட இதில் தமிழ் கூடுதலாக இருக்கும்.

வணிகர்கள் தமக்குள் ஒற்றுமைப்பட மாட்டார்கள், ஆறு மாதத்தில் தளம் தூங்கிவிடும் என்று சிலர் சிரிக்கக்கூடும். தூங்கலாம். அரசு கட்டி அரசு மறந்த தளங்களும் தூங்கத்தான் செய்கின்றன. ஆனால் தன் கடையின் நேரம் தவறாகக் காட்டப்பட்டால் தனக்கு இழப்பு என்று அறிந்தவர் அதைத் திருத்துவார். ஒப்பந்தக்காரர் திருத்த மாட்டார். முதலில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டால் போதும். மேற்கு ரத வீதியின் ஒரு பக்கத்துக் கடைகள் மட்டும் என்று தொடங்கி, ஓர் ஆண்டு நாள்தோறும் சரிபார்த்துக் காட்டட்டும். எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர் தாமே வந்து எங்கள் கடை எங்கே என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்கு விடை எழுத ஓர் ஆள் வேண்டும். அவர் மென்பொருள் படித்தவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தெருவில் நடக்கவும், கேட்டதைப் பிழையில்லாமல் தமிழில் எழுதவும் தெரிந்தால் போதும். அத்தகையவர்களை ஆண்டுதோறும் பட்டம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். எங்கே அனுப்புகிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.